ஈரான் – இராக் போரைத் தமிழில் சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் உலக வரலாற்றுக் காணொளிகள் செய்பவர்களுக்கும், தொலைக்காட்சிகளின் ஆவணப் பிரிவில் இருப்பவர்களுக்கும், இதழாசிரியர்களுக்கும் வணக்கம்.

செப்டம்பர் பிறந்தாலும் சரி, வளைகுடாவில் எங்காவது குண்டு விழுந்தாலும் சரி, ஈரான் – இராக் போர் நம் திரைகளுக்குத் திரும்பி வந்துவிடுகிறது. பெரும்பாலும் ஒரே அச்சுதான். வரைபடத்தில் ஒரு சிவப்பு அம்பு. வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி சுடும் சதாம் உசேன். கழுத்தில் சாவி தொங்கும் சிறுவர்கள். மணலில் எரியும் டாங்கி. "பத்து லட்சம் பேர் செத்தார்கள், யாரும் ஜெயிக்கவில்லை" என்று ஒரு குரல். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் பத்தே நிமிடத்தில் முடிந்துவிடும்.

இந்தப் போரின் ஆவணங்களையும், இரு நாடுகளும் அதை நினைவுகூரும் முறைகளையும் தொடர்ந்து படித்து வருகிறவர்கள் நாங்கள். எது எங்கே பிசகுகிறது, அதை எப்படிச் சரிசெய்யலாம் என்று சொல்லவே எழுதுகிறோம். எங்கள் கவலை இதுதான்: தெஹ்ரானும் பாக்தாதும் தத்தம் மக்களுக்குச் சொல்லிவந்த கதைகளில் ஏதோ ஒன்றை நாம் அறியாமலேயே எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கதைகளில் யாருக்கெல்லாம் இடமில்லையோ, அவர்களுக்கு நம் படங்களிலும் இடமில்லாமல் போகிறது.

முதலில் தொடக்க நாள். 1980 செப்டம்பர் 22 என்று போடுகிறீர்கள், சரிதான். அன்றுதான் இராக் விமானங்கள் ஈரானின் விமானத் தளங்களைத் தாக்கின, தரைப்படை எல்லையைக் கடந்தது. ஆனால் இராக்கின் அதிகாரப்பூர்வக் கணக்கு செப்டம்பர் 4இலிருந்து தொடங்கும். எல்லை ஊர்களான கானகின், மந்தலி மீது ஈரான் பீரங்கித் தாக்குதல் நடத்தியதுதான் போரின் தொடக்கம் என்று பாக்தாத் வாதிட்டது. செப்டம்பர் 17இல் சதாம், இரு நாட்டு எல்லையை வகுத்த, 1975 மார்ச் 6ஆம் தேதியிட்ட அல்ஜியர்ஸ் உடன்பாடு செல்லாது என்று அறிவித்தார். இந்த மூன்று தேதிகளையும் ஒரே காலக்கோட்டில் வையுங்கள். கூடவே நான்காவது ஒன்று: 1991 டிசம்பர் 9இல் ஐ.நா. பொதுச்செயலர் பெரெஸ் தெ குயேயார், செப்டம்பர் 22ஆம் தேதித் தாக்குதலுக்கு ஐ.நா. சாசனப்படி நியாயம் இல்லை என்று அறிக்கை தந்தார். தொடங்கியது யார் என்ற கேள்விக்கு "இருவர் மீதும் தவறு" என்று மழுப்ப வேண்டியதில்லை. எல்லைச் சண்டைகள் முன்பே இருந்தன. பெரும்படையெடுப்பை நடத்தியது இராக். இரண்டையும் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

இந்தத் தேதிச் சண்டையின் விலையை ஒரு மனிதரின் வாழ்க்கையில் காட்ட முடியும். ஈரான் விமானப்படை விமானி ஹுசைன் லஷ்கரி பெரும்படையெடுப்புக்குச் சில நாள் முன்பே இராக்கில் பிடிபட்டார். விடுதலையானது 1998இல். ஏறக்குறைய 18 ஆண்டுச் சிறை. ஈரான்தான் முதலில் தாக்கியது என்பதற்குச் சான்றாகவே இராக் அவரை வைத்திருந்தது என்பது ஈரான் தரப்பின் விளக்கம். ஒரு நிமிடக் காட்சிக்கு இது போதும். வரைபட அம்பைவிட இது பார்ப்பவர் மனதில் நிற்கும்.

ஆற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். யூப்ரடீஸும் டைக்ரிஸும் கூடி, பாஸ்ராவைத் தாண்டிக் கடலுக்குப் போகும் ஆற்றை இராக் ஷத்துல் அரபு என்றும் ஈரான் அர்வந்த் ரூத் என்றும் அழைக்கின்றன. ஒரு பெயரை மட்டும் வரைபடத்தில் போட்டால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும், இரண்டையும் எழுதுங்கள். 1937 ஒப்பந்தப்படி, சில துறைமுகப் பகுதிகள் நீங்கலாக, எல்லை ஈரான் பக்கக் கரையில் இருந்தது. அதாவது ஆறு முழுக்க இராக்கினுடையது. 1975 அல்ஜியர்ஸ் உடன்பாட்டில் அது கப்பல் போகும் ஆழமான வழியின் நடுக்கோட்டுக்கு நகர்ந்தது. இதை விளக்க இரண்டு படங்கள் போதும். இதைச் சொல்லாமல் "எண்ணெய்க்காகச் சண்டை" என்று தாவினால், கடலுக்கு மிகக் குறுகிய வாசல் மட்டுமே உள்ள இராக்குக்கு இந்த ஆறு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது பார்வையாளருக்குக் கடைசிவரை விளங்காது.

போரின் பெயரில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். ஈரானில் அது "புனிதத் தற்காப்பு", "திணிக்கப்பட்ட போர்". சதாமின் இராக்கில் அது "சதாமின் காதிசிய்யா". ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படைகள் பாரசீகப் பேரரசை வென்ற போரின் பெயர். இரண்டும் அரசுகள் சூட்டியவை. யார் வைத்த பெயர் என்று குறிப்பிட்டுவிட்டு, நாட்டின் பெயர்களையே பயன்படுத்துங்கள். "முதல் வளைகுடாப் போர்" என்றும் எழுதாதீர்கள். தமிழ் வாசகருக்கு அது 1991 குவைத் போரைத்தான் நினைவூட்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். போர் மொத்தம் ஏறக்குறைய 95 மாதங்கள். ஈரான் தன் மண்ணை மீட்கப் போராடிய முதல் கட்டம், கோரம்ஷஹர் நகரம் மீண்ட 1982 மே 24 வரை, 20 மாதங்கள். மீதி 75 மாதங்கள் பெரும்பாலும் இராக் மண்ணிலும் எல்லையோரச் சதுப்பு நிலத்திலும் மலையிலும் கடலிலும் நடந்தவை. நம் காணொளிகளில் இந்த விகிதம் தலைகீழாக இருக்கிறது. படையெடுப்புக்கு ஆறு நிமிடம், கோரம்ஷஹருக்கு இரண்டு நிமிடம், பிறகு "போர் பல ஆண்டுகள் இழுத்தடித்தது" என்று ஒரே வரி. இருபது நிமிடப் படம் என்றால் 1982 மே வரைக்கும் நான்கு நிமிடத்துக்கு மேல் எடுக்காமல் எழுதிப் பாருங்கள். மீதிப் பதினாறு நிமிடத்தில் எதைச் சொல்வது என்று திணறும்போதுதான் இந்தப் போரின் உண்மையான கேள்வி எழும்.

அந்தக் கேள்வி: கோரம்ஷஹர் மீண்ட பிறகு போர் ஏன் நிற்கவில்லை?

1982 ஜூனில் சதாம், ஈரான் மண்ணிலிருந்து விலகுவதாக அறிவித்தார். எல்லையோர மேடுகள் சில அவர் படைகளின் கையிலேயே இருந்தன. ஜூலை 12இல் பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் 514 சண்டை நிறுத்தத்தையும் எல்லைக்குத் திரும்புவதையும் கோரியது. அடுத்த ஓரிரு நாளில் ஈரான், பாஸ்ராவை நோக்கி ரமதான் தாக்குதலைத் தொடங்கியது. அது தோற்றது. அதன் பின் 1984இல் மஜ்னூன் தீவுகள், 1986 பிப்ரவரியில் ஃபாவ் தீபகற்பம், 1987 ஜனவரியில் பாஸ்ராவின் கிழக்கே கர்பலா-5 என்று தாக்குதல்கள் தொடர்ந்தன. ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். 1988 ஏப்ரலில் இராக் ஃபாவை இரண்டே நாளில் திரும்பப் பிடித்தது.

ஈரான் தரப்பின் காரணங்களையும் நேர்மையாக வையுங்கள். தாக்கியது யார் என்று ஐ.நா. அப்போது சொல்லவில்லை. 1980 செப்டம்பர் 28ஆம் தேதித் தீர்மானம் 479, இராக் படைகள் ஈரானுக்குள் நின்றுகொண்டிருந்தபோதே, விலகச் சொல்லாமல் சண்டையை மட்டும் நிறுத்தச் சொன்னது. தெஹ்ரான் ஐ.நா.வை நம்பாததற்கு இதுவே பெரிய காரணம். ஆனாலும் போரைத் தொடர்வது என்பது ஈரான் தலைமை எடுத்த முடிவு. அதற்கு ஈரானியர்களும் இராக்கியர்களும் ஆறு ஆண்டு விலை கொடுத்தார்கள். ஈரானுக்குள்ளேயே இன்றும் இது விவாதிக்கப்படுகிறது. ஈரானின் உச்சத் தலைவராக இருந்த கொமேனி 1988இல் எழுதி, முன்னாள் அதிபர் ரஃப்சஞ்சானி 2006இல் வெளியிட்ட கடிதம், புரட்சிக் காவல் படைத் தளபதி கேட்டவற்றைப் பட்டியலிடுகிறது: 2,500 டாங்கிகள், 300 போர் விமானங்கள் இன்னும் பல, அடுத்த ஐந்து ஆண்டுக்கு வெற்றி எதுவும் இல்லை. சண்டை நிறுத்தத்தை ஏற்று "நஞ்சுக் கிண்ணத்தை அருந்துகிறேன்" என்ற கொமேனியின் 1988 ஜூலை அறிக்கையை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறீர்கள். அதன் பின்னால் இருந்த இந்தக் கணக்கை யாரும் காட்டுவதில்லை. கடிதம் இல்லாமல் அந்த அறிக்கை வெறும் நாடக வசனமாக நின்றுவிடுகிறது.

ஈரானின் அதிகாரப்பூர்வ நினைவில் கோரம்ஷஹர் மிகப் பெரிய இடம் பிடித்திருப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறோம். சந்தேகமே இல்லாத வெற்றி அது. சொந்த நகரம், சொந்த மண். ஈரானில் ஆண்டுதோறும் அந்த நாள் கொண்டாடப்படுகிறது. தெஹ்ரானில் உள்ள புனிதத் தற்காப்பு அருங்காட்சியகத்தின் வளாகத்தில் கோரம்ஷஹர் பள்ளிவாசலின் நகலே இருக்கிறது. கொண்டாட்டத்தைப் படம் பிடியுங்கள். அங்கேயே கதையை முடித்துவிடாதீர்கள்.

இறந்தவர் எண்ணிக்கையில் எல்லோரும் சறுக்குகிறார்கள். "பத்து லட்சம்" என்பது போர்க்காலச் செய்தித்தாள்கள் சுற்றிவிட்ட எண்; பிற்கால ஆய்வாளர்கள் பலர் அதில் ஏறக்குறைய பாதியைத்தான் ஏற்கிறார்கள். ஈரான் அரசு 1988 செப்டம்பரில் சொன்ன கணக்கு: களத்தில் இறந்தோர் 1,23,220, காணாமற்போனோர் 60,711, குடிமக்கள் ஏறத்தாழ 11,000. எலும்புகள் கிடைக்கக் கிடைக்க, காணாமற்போனோர் இறந்தோர் பட்டியலுக்கு மாறினார்கள். அதனால் பிற்கால ஈரானியக் கணக்குகள் 1,90,000க்கும் 2,20,000க்கும் இடையில் நிற்கின்றன. ஒரே அரசு இரண்டு எண் சொல்கிறதே, பொய் போலும் என்று நினைக்க வேண்டாம், காரணம் இதுதான். இராக் பக்கத்தில் அப்படி முழுமையான, நம்பத்தக்க அரசுக் கணக்கு எதுவும் இல்லை. ஒரு லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை மதிப்பீடுகள் ஓடுகின்றன. ஆகவே திரையில் ஒற்றை எண் போடாதீர்கள். ஈரானுக்கு ஒரு வரி, யார் சொன்னது, எந்த ஆண்டில். இராக்குக்கு இன்னொரு வரி, மதிப்பீட்டின் கீழ் எல்லையும் மேல் எல்லையும். இராக்கின் குர்து மக்கள் மீது சதாம் அரசு 1988இல் நடத்திய அன்ஃபால் படுகொலையை இந்தக் கணக்கோடு கலக்காமல் தனியே சொல்லுங்கள். மனித உரிமை அமைப்புகளின் மதிப்பீடு 50,000 முதல் 1,00,000. குர்துத் தரப்பின் எண் 1,82,000. அது தன் சொந்தக் குடிமக்கள் மீது ஓர் அரசு நடத்திய கொலை. போர்ச் சேதக் கணக்கில் சேர்த்தால் அந்தக் குற்றம் மறைந்துபோகும்.

வேதியியல் ஆயுதங்களைக் காட்டும் விதம்தான் எங்களை மிகவும் வருத்துகிறது. எல்லாக் காணொளியிலும் ஒரே காட்சி: மஞ்சள் புகை, மறு நொடியே மனிதர்கள் சுருண்டு விழுகிறார்கள். ஈரானியர் மீது மிகப் பரவலாக வீசப்பட்டது கடுகு வாயு. அது அப்படிக் கொல்வதில்லை. பட்டவுடன் வலி தெரியாது; பூண்டு வாடை போல ஏதோ உணர்ந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. அறிகுறிகள் வெளிப்படச் சில மணி நேரம் ஆகும், சில சமயம் ஒரு நாள்கூட. அதற்குள் பாதிக்கப்பட்டவர் அதே உடையோடு வீட்டுக்குப் போயிருப்பார், உதவிக்கு வந்தவர்களைத் தொட்டிருப்பார்; நச்சு அவர்கள் மீதும் ஏறியிருக்கும். பிறகு கண் எரிந்து திறக்க முடியாமல் போகும், தோல் கொப்புளிக்கும், மூச்சுக்குழாய் வெந்துபோகும். அதிலிருந்து பிழைத்தவர்களுக்கும் நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்கள் ஆண்டுக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகின்றன. கண்ணின் கருவிழிப் படலம் பல ஆண்டு கழித்தும் மீண்டும் புண்ணாகிறது. சில நிமிடங்களிலேயே கொல்வது நரம்பைத் தாக்கும் நச்சுகளான சாரின், தபூன். இரண்டையும் ஒரே காட்சியில் குழப்பினால், இன்றும் ஆக்சிஜன் உருளையோடு வாழும் ஆயிரக்கணக்கானவர்கள் உங்கள் படத்தில் இருக்கவே மாட்டார்கள். தெஹ்ரானின் நகரப் பூங்காவில் உள்ள அமைதி அருங்காட்சியகத்தில் வழிகாட்டிகளாக நிற்பவர்களில் பலர் கடுகு வாயுவால் நுரையீரல் கெட்ட முன்னாள் வீரர்கள். நடிகர்களைத் துடிக்க வைப்பதற்குப் பதில், அவர்கள் பேசும்போது நடுநடுவே மூச்சுக்காக நிறுத்துகிறார்களே, அந்த ஒலியைப் பதிவு செய்யுங்கள்.

1988 மார்ச் 16 ஹலப்ஜா தாக்குதலில் கடுகு வாயுவோடு நரம்பு நச்சுகளும் வீசப்பட்டன. ஏறக்குறைய 5,000 பேர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. 3,200 என்று தொடங்கும் மதிப்பீடுகளும் உண்டு. இங்கே மூன்று தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. ஒன்று, அதை ஈரான் நகரம் என்று எழுதுவது. ஹலப்ஜா இராக்கில் உள்ள குர்து நகரம். அதை ஈரான் படையும் குர்துப் போராளிகளும் பிடித்திருந்தார்கள்; நச்சு வீசியது இராக் விமானப்படை. இரண்டு, மக்கள் ஏன் கூட்டம் கூட்டமாக வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள் என்று சொல்லாமல் விடுவது. வழக்கமான குண்டுவீச்சுதான் என்று எண்ணி அவர்கள் நிலவறைகளுக்குள் இறங்கினார்கள். இந்த வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை. தாழ்ந்த இடத்தில் தேங்கும். காப்பாற்ற வேண்டிய பழக்கமே அங்கே கொன்றது. மூன்று, அந்தப் படங்கள் எப்படிக் கிடைத்தன என்று சொல்லாதது. நகரம் ஈரானின் கையில் இருந்ததால், ஈரான் உலகப் பத்திரிகையாளர்களை அங்கே அழைத்துப் போனது. குழந்தையை அணைத்தபடி வாசலில் விழுந்துகிடக்கும் மனிதரின் படத்தை எடுத்தவர் துருக்கியைச் சேர்ந்த ரமசான் ஓஸ்துர்க். ஈரானின் காவே கொலெஸ்தானும் அங்கே படமெடுத்தார்.

ஒன்பது மாதம் முன்பு, 1987 ஜூன் 28இல், ஈரானின் சர்தாஷ்ட் நகரத்தின் மீது கடுகு வாயுக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அதற்கு உலகம் அறிந்த படம் ஒன்றும் இல்லை. அதனால் உலகம் அறிந்த பெயரும் இல்லை. எந்தத் துயரம் நினைவில் நிற்கிறது என்பதைக் கேமரா போய்ச் சேர்ந்ததா என்பதே பல நேரம் தீர்மானிக்கிறது. ஹலப்ஜாவைக் காட்டும் ஒவ்வொரு முறையும் சர்தாஷ்டுக்கும் அரை நிமிடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

உலகம் அறியாமல் இருந்தது என்றும் எழுதிவிடாதீர்கள். 1984 மார்ச்சிலேயே ஐ.நா. அனுப்பிய வல்லுநர்கள் கடுகு வாயுவும் தபூனும் பயன்படுத்தப்பட்டதை உறுதிசெய்தார்கள். 1986 மார்ச் 21இல் பாதுகாப்பு கவுன்சில் தலைவரின் அறிக்கை இராக்கின் பெயரைச் சொன்னது. ஹலப்ஜாவுக்குப் பிறகு வந்த தீர்மானம் 612 பெயரைத் தவிர்த்து, இரு தரப்புக்கும் பொதுவாகவே பேசியது. மூலப்பொருள்கள் ஐரோப்பாவிலிருந்தும் வந்தன. அவற்றை விற்ற நெதர்லாந்து வணிகர் ஃபிரான்ஸ் ஃபான் ஆன்ராட்டுக்கு ஹேக் நகர நீதிமன்றம் 2005 டிசம்பரில் 15 ஆண்டுச் சிறை விதித்தது. வெளிநாட்டு ஆயுதங்களைப் பற்றிப் பேசும்போது இரு பக்கத்தையும் சொல்லுங்கள்: இராக்குக்குச் சோவியத் யூனியனும் பிரான்சும், ஈரானுக்கு வட கொரியாவும் மறைமுகமாக இஸ்ரேலும் அமெரிக்காவும், இருவருக்குமே சீனாவும் விற்றார்கள்.

அடுத்து, படத்தொகுப்பு மேசையில் நடக்கும் பிழைகள். இவற்றைத் திருத்தப் பணம் வேண்டாம், பொறுமை போதும். இராக் கொடியில் "அல்லாஹு அக்பர்" எழுத்து 1991 ஜனவரியில்தான் சேர்ந்தது. எண்பதுகளின் கொடியில் மூன்று பச்சை நட்சத்திரங்கள் மட்டும். எழுத்துள்ள கொடி பறக்கும் காட்சி இந்தப் போருடையது அல்ல. ஈரானின் இன்றைய கொடி 1980 ஜூலையிலேயே வந்துவிட்டது. அதில் சிக்கல் இல்லை. எண்ணெய்க் கிணறுகள் வரிசையாக எரியும் கரும்புகைக் காட்சி பெரும்பாலும் 1991 குவைத். ஏப்ரம்ஸ் டாங்கியோ அப்பாச்சி ஹெலிகாப்டரோ தெரிந்தால் அதைத் தயங்காமல் வெட்டுங்கள். இராக்கிடம் இருந்தவை சோவியத் டி-55, டி-62, டி-72. ஈரானிடம் மன்னர் ஷா காலத்தில் வாங்கிய பிரிட்டனின் சீஃப்டன், அமெரிக்காவின் எம்-60 டாங்கிகள், அமெரிக்காவின் எஃப்-4, எஃப்-14 போர் விமானங்கள். இன்னொன்றும் உண்டு: எங்கும் மணல் மேடு காட்டுகிறீர்கள். முக்கியச் சண்டைகள் நாணல் அடர்ந்த ஹவிசே சதுப்பு நிலத்தில் படகுகளிலும், பேரீச்சந்தோப்புகளிலும், பனி விழும் குர்திஸ்தான் மலைகளிலும் நடந்தன. பாஸ்ரா பக்கத்துப் பேரீச்ச மரங்களில் பெரும்பகுதி அழிந்ததற்கு இந்தப் போரும் பிறகு ஏறிய உப்பும் காரணம். மணல் மட்டும் காட்டினால், அழிவதற்கு அங்கே ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும்.

சிறுவர் படையினர் விஷயத்தில் கவனம் தேவை. ஈரானின் தன்னார்வப் படையான பஸீஜில் சிறுவர்கள் இருந்தார்கள் என்பது மறுக்க முடியாத உண்மை. அரசே அதை மறைக்கவில்லை. 1980 அக்டோபர் 30இல் கோரம்ஷஹரில் டாங்கியின் அடியில் குண்டோடு பாய்ந்து இறந்ததாகச் சொல்லப்படும் 13 வயது முகமது ஹுசைன் ஃபஹ்மிதே பாடப்புத்தகத்திலும் தபால்தலையிலும் இடம்பெற்றார். குற்றச்சாட்டுக்கு இதுவே போதிய சான்று. அதை விட்டுவிட்டு, களத்துக்குப் போன சிறுவர்களின் கழுத்தில், தைவானில் செய்த பிளாஸ்டிக் "சொர்க்கச் சாவி" கட்டப்பட்டது என்ற கதையை முன்வைக்கிறீர்கள். அது செய்தித்தாளிலிருந்து செய்தித்தாளுக்குத் தாவிய கதை. சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. உறுதியான சான்று கையில் இருக்கும்போது உறுதியற்றதை எடுத்தால், முழுக் குற்றச்சாட்டையுமே தட்டிக்கழிக்க வழி கொடுத்துவிடுகிறோம். ஈரான் வீரர்களைக் கூட்டம் கூட்டமாகப் பாயவிட்டது என்பதற்கான "மனித அலை" என்ற சொல்லும் இப்படித்தான். ஃபாவை ஈரான் பிடித்தது முட்டாள்தனமான பாய்ச்சலால் அல்ல. கடல் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு, இரவில் முக்குளிப்போரை அனுப்பி ஆற்றைக் கடந்தார்கள். அதே திட்டம் 1986 டிசம்பரில் கர்பலா-4 தாக்குதலில் முன்கூட்டியே வெளிப்பட்டுப் படுதோல்வியில் முடிந்தது. அதில் மாண்ட 175 முக்குளிப்பு வீரர்களின் எச்சங்கள், பலருடைய கைகள் கட்டப்பட்ட நிலையில், 2015இல் ஈரானுக்குத் திரும்பின. தெஹ்ரான் தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். ஊர்வலத்துக்கு நடுவே, அந்தத் தாக்குதலுக்கு உத்தரவிட்டது யார் என்ற கேள்வியும் ஈரானில் எழுந்தது.

இராக்கியர்களின் பக்கம் நம் படங்களில் ஏறக்குறைய காலி. சதாம் மட்டும் இருக்கிறார், இராக்கியர்கள் இல்லை. அதற்குக் காரணம் இராக்கிலேயே இருக்கிறது. சதாம் காலத்தில் நினைவு கல்லிலும் வெண்கலத்திலும் குவிந்தது. 1983இல் பாக்தாதில் எழுந்த தியாகிகள் நினைவகம், சிற்பி இஸ்மாயில் ஃபத்தாஹ் அமைத்தது: 40 மீட்டர் உயர நீலக் குவிமாடம் இரண்டாகப் பிளந்து நிற்கும். 1989 ஆகஸ்ட் 8இல் திறந்த வெற்றி வளைவில் வாளேந்தும் கைகள் சதாமின் சொந்தக் கைகளிலிருந்து வார்ப்பு எடுத்தவை. அடியில் ஈரானிய வீரர்களின் தலைக்கவசங்கள் வலைகளில் கொட்டப்பட்டிருந்தன. பாஸ்ராவின் ஆற்றங்கரையில் இறந்த அதிகாரிகளின் சிலைகள் வரிசையாக ஈரானை நோக்கிக் கை நீட்டி நின்றன. 2003இல் அந்தச் சிலைகள் போயின. 2007இல் வெற்றி வளைவை இடிக்கத் தொடங்கி, எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்தி, 2011இல் பழுதுபார்த்தார்கள். 2003க்குப் பின் ஆட்சிக்கு வந்தவர்களில் சிலர், இந்தப் போரில் ஈரான் பக்கம் நின்று போரிட்ட பத்ர் படையைச் சேர்ந்தவர்கள். கட்டாயப் படைச்சேர்க்கையில் போய் உயிர்விட்ட லட்சம் இராக்கியர்களை அந்த அரசு எந்த நாளில், எந்தப் பெயரில் நினைவுகூரும்? சதாம் அரசு கொண்டாடிய ஆகஸ்ட் 8 வெற்றி நாள் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் வேறொன்றும் வரவில்லை.

ஆகவே இராக்கிய நினைவைத் தேட நினைவுச்சின்னங்களுக்குப் போனால் கிடைக்காது. போர்க்காலத்தில் பாக்தாதின் வீட்டுச் சுவர்களில் தொங்கிய பெயர் எழுதிய கறுப்புத் துணிகள், கொடி போர்த்திய சவப்பெட்டியைக் கூரையில் கட்டிக்கொண்டு நஜஃப் மயானத்துக்குப் போன டாக்சிகள், முதல் ஆண்டுகளில் இறந்தவரின் குடும்பத்துக்கு அரசு தந்த காரும் மனையும், பணம் வற்றியதும் அவை நின்றுபோனது: இவற்றைத் தேடுங்கள். சதாமின் பாத் கட்சியின் ஆவணங்கள் அமெரிக்காவின் ஹூவர் நிறுவனத்தில் இருந்தன. மூலங்கள் 2020இல் பாக்தாதுக்குத் திரும்பின. அவற்றை வைத்து எழுதப்பட்ட ஆய்வுகள் நிறைய வந்துவிட்டன. ஈரானிய நினைவுக்குறிப்புகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். இராக்கியக் குரல் சிலவே கிடைக்கும். கிடைப்பதை மட்டும் வைத்து எடுத்தால் படம் தானாகவே ஒரு பக்கம் சாயும். திட்டமிட்டு, இரண்டு ஈரானியக் குரலுக்கு ஓர் இராக்கியக் குரலாவது என்று விகிதம் வைத்துத் தேடுங்கள்.

நினைவிடங்களைப் பின்னணிக் காட்சியாக மட்டும் பயன்படுத்துவதும் வேண்டாம். 2003இல் திறக்கப்பட்ட ஹலப்ஜா நினைவகத்தை 2006 மார்ச் 16இல், நினைவு நாளிலேயே, அந்த ஊர் மக்களே தீயிட்டார்கள். தலைவர்கள் ஆண்டுதோறும் விருந்தினர்களோடு வந்து படமெடுத்துப் போகிறார்கள், ஊருக்குச் சாலையும் தண்ணீரும் வரவில்லை என்பதே அவர்களின் கோபம். ஒரு இளைஞர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். நினைவகம் பிறகு சீரமைக்கப்பட்டது. இந்தத் தீயைச் சொல்லாமல் அந்தக் கட்டடத்தைக் காட்டுவது பாதிச் செய்தி. அதேபோல் பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் காலத்தில் பேருந்து பேருந்தாக ஷலம்சே, தலாயே, ஃபக்கே போர்க்களங்களுக்கு ஈரானியர்கள் போகும் யாத்திரை: அதை அரசு ஒழுங்குசெய்கிறது, அங்கே அழுபவர்களின் கண்ணீரும் உண்மையானது. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் இரண்டுமே பொய்யாகும்.

கடைசியாக, உங்கள் படம் முடியும் இடம். 1988 ஆகஸ்ட் 20, சண்டை நிறுத்தம், கறுப்புத் திரை. அங்கே முடிக்காதீர்கள். 1990 ஆகஸ்டில், குவைத்தைப் பிடித்த இரண்டே வாரத்தில், சதாம் 1975 உடன்பாட்டைத் திரும்ப ஏற்றுக்கொண்டார். போர் தொடங்கிய இடத்துக்கே எல்லைக்கோடு திரும்பியது. ஆகஸ்ட் 17இலிருந்து பல்லாயிரம் கைதிகள் வீடு திரும்பினார்கள். கடைசிக் கைதிகள் திரும்ப 2003 ஆயிற்று. 2008இல் ஈரான், இராக், பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு மூன்றும் காணாமற்போனோரைத் தேட ஜெனிவாவில் உடன்படிக்கை செய்தன. அதன்படி ஷலம்சே எல்லையில் எச்சங்கள் கைமாறுகின்றன. ஈரானின் குஜஸ்தான், இலாம், கெர்மான்ஷா, குர்திஸ்தான், மேற்கு அசர்பைஜான் ஆகிய ஐந்து மாநிலங்களில் கண்ணிவெடிகள் பல பத்தாண்டுகள் கழித்தும் உயிர் குடித்திருக்கின்றன. மழை வெள்ளம் அவற்றை இடம் பெயர்த்துவிடுவதால் பழைய வரைபடங்கள் உதவுவதில்லை. அகற்றியதாக அறிவித்த நிலத்திலும் வெடித்திருக்கின்றன. போரைப் படமெடுத்த ஈரானின் ஆவணப்பட இயக்குநர் மொர்தசா ஆவினி இறந்தது 1993 ஏப்ரலில், ஃபக்கேயில், இப்படியொரு கண்ணிவெடியில்.

நீங்கள் ஏற்கெனவே வெளியிட்ட காணொளிகளில் உடனே திருத்தக்கூடியவை: ஹலப்ஜா எந்த நாட்டில் உள்ளது என்ற குறிப்பு, இறந்தோர் எண்ணிக்கை, 1991 காட்சிகள். இவற்றுக்கு மறுபடி படம் எடுக்கத் தேவையில்லை. விளக்கப் பகுதியில் தேதியோடு ஒரு திருத்தக் குறிப்பும், படத்தில் ஒரு எழுத்துப் பட்டையும் போதும். புதிதாக எடுக்கப் போகிறவர்கள் எழுத்துப் பிரதியை அனுப்பினால், பாரசீகம், அரபு, குர்து மூலங்களை அறிந்தவர்களைக் கொண்டு சரிபார்த்துத் தர ஆயத்தமாக இருக்கிறோம். அதற்கு நாங்கள் எதுவும் கேட்கப் போவதில்லை. படப்பிடிப்புக்கு முன் அனுப்புங்கள். தொகுப்பு முடிந்த பின் வந்தால் எண்களை மாற்றலாம், விகிதத்தை மாற்ற முடியாது.

இப்படிக்கு,
ஈரான் – இராக் போர் வரலாற்றைப் படித்துவரும் தமிழ் வாசகர்கள் சிலர்